ஃப்ரிட்ஜுக்குள் வைத்த சாவி

யூனிட்டில் அவளை எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தாலே அதிசயம் என்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. "சவுண்டு ஓகேவா?" என்று டைரக்டர் கத்துவார். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். நாள் முழுக்க அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

அன்று காலை மற்றவர்கள் லைட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்புக்குக் கிடைத்த வீட்டின் சமையலறை மேஜையில் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்தாள். டிபன் பாக்ஸ் அளவுள்ள கறுப்புப் பெட்டி. ஒலியை எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும். இயற்பியல் படித்த பெண் வாத்தியார் வேலைக்குப் போகாமல் இதை ஏன் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று அவள் அம்மா போனில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேட்டரிகளை மாட்டினாள். இரண்டு மெமரி கார்டுகளைச் செருகினாள். ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று கைகொடுக்கும். நேற்றைய வேலையை வீட்டில் நகலெடுத்தோமா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகுதான் கார்டுகளை அழித்தாள். பிறகு கேமராமேனிடம் போய், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று கேட்டாள்.

"நேத்து எவ்வளவோ அதேதான்."

"நேத்து வேற கேமரா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, ஆமால்ல. இருபத்தஞ்சு."

கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவே சின்னக் கேபிள் ஒன்றைப் பொருத்தி இரண்டின் கடிகாரங்களையும் ஒன்றாக்கினாள். இனி எடிட்டிங்கில் உதடும் பேச்சும் பிசகாது. கேபிளைக் கழற்றிய பிறகும் இரண்டும் நாள் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும். தொடாமலே சேர்ந்து ஓடுவது அவளுக்குப் பிடித்த விஷயம்.

முதல் இரண்டு தடங்கள் எல்லாம் கலந்த ஒலிக்கு. மூன்றாவது, நீளக் கம்பியில் தொங்கும் மைக்குக்கு. நான்காவது நடிகையின் காலர் மைக், ஐந்தாவது நடிகரின் காலர் மைக். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தாள். நீளக் கம்பி மைக்குக்குப் பெட்டியிலிருந்தே மின்சாரம் போக வேண்டும். அந்த ஸ்விட்ச் மட்டும் போடப்பட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

"என்ன சவுண்டு, பொட்டிக்குத் தாலாட்டு பாடி முடிச்சாச்சா?" என்றார் மேனேஜர், போகிற போக்கில்.

அவள் சிரித்து வைத்தாள். சொல்ல வேண்டிய பதில் அவர் மாடிப்படி ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. எப்போதும் அப்படித்தான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் வீடு காதுக்குள் வந்தது. குழாய் சொட்டியது. சுவர்க்கடிகாரம் நொண்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு 'ம்ம்ம்' இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றது, பழைய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்.

வீட்டுக்காரர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நூற்பாலையில் காலம் பூராவும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று காதைத் தொலைத்தவர். இரண்டு காதிலும் கருவி உண்டு. ஆட்கள் வந்து இறங்கியதுமே அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

"ஐயா, ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நிறுத்திக்கவா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்தே விட்டார். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மேல் கதவைத் திறந்தார். ஃப்ரீசரில் ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் பனிக்கட்டி. பனிக்கட்டியின் நட்ட நடுவில், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் யானை.

"பேத்தி வச்சுட்டுப் போனது," என்றார். காது கேட்காதவர்களின் உரத்த குரல். "வெளிநாட்ல இருக்கா. லீவுல வந்தப்போ செஞ்சா. பாதித் தண்ணிய ஊத்தி ஐஸாக்கி, அதுமேல யானைய நிக்க வச்சு, மறுநாள் மீதித் தண்ணிய ஊத்தினா. இல்லன்னா மிதந்துடுமாம். தூங்குதாம். அடுத்த லீவுல வந்துதான் எழுப்புவாளாம். வாராவாரம் வீடியோல காட்டணும். இன்னைக்குச் சாயங்காலம்கூட வருவா. ஒருவாட்டி காட்ட நேரமாச்சுன்னு என்ன போடு போட்டா தெரியுமா?"

"மத்தியானமே வேலை முடிஞ்சிடும். கதவைத் திறக்காம வச்சா ஐஸ் தாங்கும். முடிஞ்சதும் நானே ஸ்விட்ச் போட்டுடறேன்."

"நீ மறந்துட்டா?"

அவள் தன் வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினாள். சவுண்டு வேலை பார்ப்பவர்கள் செய்கிற காரியம் அது. ஃப்ரிட்ஜை நிறுத்தினால் அதற்குள்ளேயே சாவியை வைத்துவிடுவது. சாவி இல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. சாவி எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜைப் போடாமல் வர முடியாது.

அவர் சிரித்தார். "கெட்டிக்காரத்தனந்தான். ஏம்மா, வளையத்துல ரெண்டு சாவி இருக்கே. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு?"

"ரெண்டும் எனக்குத்தான்."

இரண்டாவது சாவி அறையில் கூட இருந்தவளுடையது. கல்யாணமாகிப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் இருந்தவரை சாவியை மறந்தால் கதவைத் தட்டினால் போதும். "வந்துட்டியா மகாராணி" என்று திட்டிக்கொண்டே திறப்பாள். அவள் கொடுத்ததைத் தன் வளையத்திலேயே கோத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை. கொடுத்து வைக்க ஆள் இல்லை.

அவள் வளையத்தைக் கீழ்த் தட்டில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். 'ம்ம்ம்' நின்றது. பெரியவருக்கு அது நின்றது தெரியாது. அவர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "நின்னுடுச்சு," என்றார். "ராத்திரி படுக்கப் போறப்ப இப்படித்தான் பாத்துக்குவேன்."

படப்பிடிப்பு நடந்தது. புருஷன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான்; பெண்டாட்டி மேஜையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கிறாள். அதுதான் காட்சி. இவள் பெட்டியைத் தோளில் மாட்டி, பிள்ளையைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த அறையின் கதவுக்குப் பின்னால் நின்றாள். நடிகையின் மூச்சு நான்காவது தடத்தில் ஏறி இறங்கியது. ஷாட்டுக்கு நடுவே நடிகை ஒப்பனைக்காரியிடம் தன் தங்கையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டது கேட்டது. அவள் அந்தத் தடத்தின் ஒலியைக் குறைத்துவிட்டாள். கேட்கக் கூடாது என்பது ஒரு பக்கம். அந்த அன்யோன்யம் தனக்கானது இல்லை என்று அடிக்கடி ஞாபகம் வருவது இன்னொரு பக்கம்.

சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் குளிர்ந்த தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தார். பிறகு நடிகர். பிறகு லைட்காரர் ஒருவர் ஐஸ் தேடி மேல் கதவையும் திறந்தார். "யானை வளக்கறாங்கடா இங்க!" என்று ஒரு கூச்சல். திறக்காதீங்க என்று சொல்ல அவள் எழுந்தாள். அதற்குள் மூடிவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி ஷாட் முடிந்ததும் அவள் டைரக்டர் பக்கம் போய் நின்றாள். "ரூம் டோன் எடுக்கணும் சார். ஒரு நிமிஷம் எல்லாரும் அசையாம இருந்தா..."

மேனேஜர் முந்திக்கொண்டார். "சும்மா இருக்கிறத ரெக்கார்ட் பண்றதுக்கு ஒரு நிமிஷமா? வண்டி வெயிட்டிங்ல நிக்குது தாயே!"

எல்லோரும் சிரித்தார்கள். "பரவாயில்ல, நீங்க கிளம்புங்க. நான் தனியா எடுத்துக்கறேன்," என்றாள்.

ஒவ்வொரு அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி. வசனத்துக்கு நடுவே எடிட்டர் வெட்டி ஒட்டுகிற இடங்களில் அந்த மௌனத்தைத்தான் நிரப்புவார். வெறும் சூனியத்தை வைத்தால் காது திடுக்கிடும். லைட்டுகள் போயின. ஆட்கள் போனார்கள். வண்டி கிளம்பும் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பெரியவர் வாசலில் இருந்தார். அவள் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதிவுப் பொத்தானை அழுத்திக் கண்ணை மூடினாள்.

குழாயை அவள் காலையிலேயே இறுக்கியிருந்தாள். கடிகாரத்தைக் கழற்றி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள். இப்போது கேட்டது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் காற்று மட்டும். அதுவும் கேட்கவில்லை, இருந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிடம் போதும். அவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை. அங்கே உட்கார்ந்திருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது பெரியவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவர் வீட்டுத் தரையில் ஒன்றும் செய்யாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம்! சட்டென்று எழுந்தாள். கேபிள்களைச் சுருட்டினாள், கடிகாரத்தை மாட்டினாள், மைக்குகளைப் பையில் திணித்தாள். "வரேங்க ஐயா. நாளைக்குப் பாக்கலாம்," என்று தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். மறுநாளும் அதே வீட்டில்தான் வேலை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எடுத்த மௌனத்தைப் போட்டுக் கேட்டாள். அவ்வளவு சுத்தமாக அவளுக்கு இதுவரை அமைந்ததில்லை. ஒரு ரீங்காரம் கிடையாது. நாளைக்கு டைரக்டரிடம் போட்டுக் காட்டலாமா என்று யோசித்தாள். அவர் என்னத்தைக் கேட்பார் என்றும் தோன்றியது. இறங்கும் வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடி ஏறி, கதவின் முன் நின்று, பையின் பக்க அறைக்குள் கையை விட்டாள்.

கை அப்படியே நின்றது. சாவி எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்ததும், அதைவிடப் பெரியது ஒன்று ஞாபகம் வந்தது.

யானை.

மேனேஜருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. பெரியவர் நம்பர் அவளிடம் இல்லை. பூட்டிய கதவை ஒரு தரம் பார்த்தாள். பழக்க தோஷத்தில் கை தட்டப் போனது. உள்ளே யார் இருக்கிறார்கள் தட்டுவதற்கு? படிகளில் இறங்கி ஓடினாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். பனிக்கட்டி லேசில் உருகாது. உருகுவதற்கே தனியாக ஏராளமான வெப்பம் வேண்டும், பரீட்சையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். ஃப்ரீசர் மூடியே இருந்தால் சாயங்காலம் வரை தாங்கலாம். மூடியே இருந்ததா? லைட்காரரின் கூச்சல் காதில் விழுந்தது. வெளியே வெயில் எப்படி அடித்தது என்பதும் நினைவுக்கு வந்தது. எந்தச் சூத்திரத்திலும் அவளுக்குச் சாதகமாக எதுவும் இல்லை.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் அந்த வீட்டு வாசலில் நின்றாள். மணியை அழுத்தினாள். உள்ளே மணி அடிப்பது அவளுக்கே கேட்டது. யாரும் வரவில்லை. பக்கவாட்டுச் சந்தில் போய்ச் சமையலறை ஜன்னலில் பார்த்தாள்.

பெரியவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி டம்ளர். டம்ளரில் தண்ணீர். தண்ணீரில் யானை ஒருக்களித்து மிதந்தது. காதுக் கருவிகள் இரண்டும் மேஜைமேல் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் போன் வெளிச்சம் போட்டு நடுங்கியது. ஒரு சிறுமியின் படம் வந்தது, போனது. மறுபடி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

"ஐயா!" என்றாள். போதவில்லை. "ஐயா!" என்று கத்தினாள். தன் குரல் அவ்வளவு உரக்க வருவதைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் தலை நீண்டது. "யாரது? தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேக்காது. போன் லைட்டை அடிம்மா!"

அடித்தாள். வெளிச்சம் சுவரில் அலைந்து டம்ளரில் பட்டது. அவர் திரும்பினார்.

கதவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தார். உட்கார்ந்து கருவிகளைக் காதில் பொருத்திக்கொண்டு, மேஜைமேல் இருந்த சாவி வளையத்தை அவள் பக்கம் நகர்த்தினார். வழக்கமாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாவி கையைச் சுடுகிற மாதிரி குளிரும். இது குளிரவில்லை.

"சாவி இருந்துச்சு. நீ வருவேன்னு தெரியும்," என்றார்.

"நான்தான் மறந்துட்டேன் ஐயா. நான்தான்."

"பின்ன நானா?" கோபமாகத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் தளர்ந்தது. "கரண்டு போச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேன். எம் பொண்ணு அங்கிருந்தே கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேப்பா. அவகிட்ட ஒரு பொய் நிக்காது. அதான் எடுக்கல."

"எடுக்கலைன்னா பயந்துடுவாங்க."

"எடுத்தா என்னன்னு சொல்றது? பேத்தி வாரத்துக்கு ஒருநாள் பேசறா. மொத்தமும் இந்த யானையப் பத்தித்தான் பேசுவா. சாப்பிட்டியா, என்ன படிக்கிறன்னு நான் கேட்டா ஆர்வமே இருக்காது. இது போனா என்கிட்ட அவளுக்குப் பேச என்ன இருக்கு?"

போன் மறுபடி நடுங்கியது. அவர் அசையவில்லை. அவள் கையை நீட்டி எடுத்தாள். அறிமுகமில்லாதவர்களிடம் போனில் பேச வேண்டி வந்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிற பெண் அவள்.

திரையில் பல் விழுந்த சிறுமி. "நீங்க தாத்தா இல்ல."

"தாத்தா இங்கதான் இருக்கார். நான் படம் எடுக்க வந்தேன். சவுண்டு எடுக்கறவ."

"யானை எங்க?"

அவள் டம்ளரைக் காட்டினாள். "உருகிடுச்சு. நான் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன். தாத்தா மேல தப்பு இல்ல."

சிறுமியின் முகம் திரையிலிருந்து நழுவியது. அந்த வீட்டின் கூரை தெரிந்தது. அழுகை கேட்டது, அதற்கு மேல் ஒரு தாயின் குரல் என்னவோ சமாதானம் சொன்னது. அவள் போனைப் பிடித்தபடியே காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

முகம் திரும்பி வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஏன் நிறுத்தினீங்க?"

"அது உர்ருனு சத்தம் போடும். படத்துல கேக்கும்."

"பொய். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தமே போடாது."

"போடும். காதை வச்சுப் பாரு."

திரை குலுங்கியது. ஓடும் காலடிகள். ஒரு வெள்ளைக் கதவு, அதில் ஒட்டிய ஒரு காது.

"ஆமா, போடுது!" என்றாள் சிறுமி, ரகசியம் போல. பிறகு, "தாத்தாவுக்கு அது கேக்குமா?"

"கேக்காது. கையை வச்சுப் பாப்பார்."

"தாத்தா, கைய வச்சா தெரியுமா?"

பெரியவர் போனை வாங்கிக்கொண்டார். "தெரியுமே. உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்."

சிறுமி தன் கையை வைத்துப் பார்த்தாள். எறும்பு இல்லை, வண்டு என்றாள். எறும்பா வண்டா என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். யானையைப் பற்றி இல்லாத பேச்சு அது. அதற்குள் அவள் போய் ஸ்விட்சைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தது.

"இப்போ பாதித் தண்ணி மட்டும் வைங்க," என்று உத்தரவு வந்தது. "நாளைக்கு யானைய நிக்க வச்சு மீதிய ஊத்தணும். தாத்தாவுக்குக் கை நடுங்கும். அந்த அக்கா வைக்கட்டும்."

"வைக்கிறேன்."

"மறந்துடுவீங்க."

"மாட்டேன்."

"காலையிலயும் தாத்தாகிட்ட அப்படித்தான் சொன்னீங்களா?"

"ஆமா," என்றாள் அவள்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் யோசித்தாள். பிறகு வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டு, பாதித் தண்ணீர் இருந்த டம்ளரோடு ஃப்ரீசரில் வைத்தாள். யானை மேஜைமேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு காய்ந்தது. கதவை மூடியதும் பெரியவர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்து, அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நேரமாச்சு, கிளம்பு. வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்டவர், கேட்ட பிறகு, இரண்டு சாவியும் அவளுடையதுதான் என்பது ஞாபகம் வந்தவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாட்டாங்க ஐயா. வரேன்," என்றாள்.

மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தாள். வளையத்தில் ஒற்றைச் சாவி ஓசையில்லாமல் தொங்கியது. இத்தனை நாளும் இரண்டும் உரசிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. பெட்டியை இறக்கினாள். பேட்டரிகளைச் சார்ஜில் போட்டாள். இரண்டு கார்டுகளையும் நகலெடுக்க வைத்துவிட்டு, லைட் போடாமலே சமையல் மூலைக்குப் போனாள்.

அவளுடைய சின்ன ஃப்ரிட்ஜ் இருட்டில் முனகிக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். எறும்புதான் என்று தோன்றியது. சிறிது நேரம் கையை எடுக்கவில்லை.